பாடத் தெரியாத பாடும் கௌபாய்

வாசகர் ஒருவரின் கூற்று, 3 பிப்ரவரி 2024
பாடும் கௌபாயாகத் திரையில் பெயர்பெற்ற ஜீன் ஆட்ரிக்கு முன்பே, ஹாலிவுட் நடிகர் ஜான் வேய்ன்தான் முதல் பாடும் கௌபாய். 1933இல் வந்த ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’யில் அவரே கிட்டார் வாசித்துப் பாடுகிறார். குரலும் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் நிறுத்திவிட்டார்?

3 பிப்ரவரி, இரவு 10.20
கேள்வியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. பாடியவர் ஜான் வேய்ன் அல்லர். பாடிய கௌபாய்களில் அவர் முதல்வரும் அல்லர். பேசும்படம் வந்த கையோடு, 1929, 1930 ஆண்டுகளிலேயே கௌபாய் நடிகர் கென் மேனார்ட் தம் படங்களில் தாமே பாடினார், பிடிலும் வாசித்தார். மூக்கால் பாடுவது போன்ற குரல்தான் என்றாலும் சொந்தக் குரல்.

‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’யில் நாம் கேட்கும் அந்த அடித்தொண்டைக் குரல், படத்தின் கதையை எழுதி இயக்கிய ராபர்ட் நார்த் பிராட்பரியின் மகன் பில் பிராட்பரியுடையது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட செய்தி. பில்லின் இரட்டைச் சகோதரரைக் கௌபாய் படங்கள் பார்ப்பவர்கள் பாப் ஸ்டீல் என்ற பெயரில் அறிவார்கள். இந்த இரட்டையரும், அப்போது மாரியன் மாரிசன் என்ற இயற்பெயரோடு இருந்த ஜான் வேய்னும், கலிஃபோர்னியாவின் கிளெண்டேல் ஊரில் ஒன்றாகப் படித்தவர்கள். மூவரும் 1907இல் பிறந்தவர்கள். ஆகவே திரையில் நாம் பார்ப்பது, 26 வயதுக்காரர் ஒருவர் தம் பள்ளித் தோழரின் குரலுக்கு வாயசைக்கும் காட்சி. இயக்குநர் அப்பா, பாடகர் மகன், நாயகன் மகனின் நண்பன் என்று ஒரு வீட்டுத் திண்ணையிலேயே முடிந்துபோன ஏற்பாடு, கூலியும் மிச்சமாகியிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டரில் ஒன்பது வருடம் உதட்டசைவு பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். இந்தித் தொடர்களைத் தமிழாக்கும்போது எந்தச் சொல்லில் உதடு மூடுகிறது, எங்கே மூச்சு இழுக்கிறார்கள் என்று தாளில் குறித்துக்கொடுப்பதே என் பிழைப்பு. முதல் பாட்டைக் கேட்ட அரை நிமிடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காரணம் உதடுகள் அல்ல, கழுத்து. அவ்வளவு கனமான கீழ்ச்சுருதியில் நீட்டிப் பாடுகிறவருடைய தாடைக்குக் கீழே ஏதாவது ஓர் அசைவு இருந்தே தீரும். வேய்னின் தாடை பேச்சுக்கு அசைவதுபோல் அசைகிறது. கழுத்து சும்மா இருக்கிறது.

3 பிப்ரவரி, இரவு 11.05
கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஏன் நிறுத்தினார் என்றால், வெளியூர்களில் ரசிகர்கள் முன்னால் போய் நின்றபோதெல்லாம் ‘ஒரு பாட்டுப் பாடுங்கள்’ என்று கேட்டார்கள், அவரால் பாட முடியவில்லை. அந்தச் சங்கடத்தைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

4 பிப்ரவரி, காலை 7.15
படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மொத்தப் படமே சுமார் 53 நிமிடம் என்பதால் கதையும் அதிகம் இல்லை. ஒரு பள்ளத்தாக்கின் தண்ணீர் முழுவதையும் கின்கெய்ட் என்பவன் கைப்பற்றி வைத்துக்கொண்டு, பண்ணைக்காரர்களிடம் கொள்ளை விலைக்கு ஒப்பந்தக் கையெழுத்துக் கேட்கிறான். டெண்டன் என்ற கிழவரின் நிலத்தில் மட்டும் தனிக் கிணறு இருக்கிறது. கிழவராக வருபவர், பின்னாளில் ‘கேபி’ என்ற செல்லப் பெயரோடு எத்தனையோ கௌபாய் படங்களில் நாயகனின் தோழராக வந்த ஜார்ஜ் ஹேய்ஸ். அவருடைய மகளாக சிசிலியா பார்க்கர். அந்தப் பெண், தங்களிடமிருந்து பறிக்கப்பட்ட பணத்தைத் திரும்ப எடுக்கக் கோச்சு வண்டியையே வழிமறித்துக் கொள்ளையடிக்கிறாள். நாயகியை நாம் முதலில் சந்திப்பதே கையில் துப்பாக்கியோடுதான். ‘பாடும் சாண்டி’ என்று பெயரெடுத்த சாண்டி சாண்டர்ஸாக வேய்ன் வெள்ளைக் குதிரையில் கிட்டாரோடு வருகிறார். அவர் வாஷிங்டன் அரசு அனுப்பிய ஆள் என்பது பிறகு தெரியவருகிறது. கடைசியில் வில்லனையே நம்பவைத்து, டெண்டனின் கிணற்றை வெடிவைத்துத் தகர்க்கச் செய்கிறார். வெடித்த இடத்தில் நிலத்தடி நீர் பீறிட்டுப் பள்ளத்தாக்கெங்கும் ஓடுகிறது. அவ்வளவுதான் கதை.

ஆனால் நடுவில் ஒரு காட்சி இருக்கிறது, அதற்காகத்தான் இந்தப் படத்தை நான் இத்தனை தடவை பார்த்திருக்கிறேன். கின்கெய்ட் கூலிக்கு அமர்த்திய ஸ்லிப் மார்கன் என்ற துப்பாக்கிக்காரன் தெருவின் ஒரு முனையில் நிற்கிறான். மறுமுனையிலிருந்து சாண்டி நடந்து வருகிறார். வருகிறவர் பாடிக்கொண்டே வருகிறார். கிட்டார் இல்லை, புன்னகை இல்லை, கை இடுப்புக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இன்றைக்கு இருட்டுவதற்குள் ஊரில் இரத்தம் ஓடும், துப்பாக்கிகள் ஈயத்தோடு பாடும், இரவில் நீ செத்தவர்களோடு உட்கார்ந்து குடிப்பாய் என்பதுதான் பாட்டின் பொருள். பாடும் சாண்டி பாடினால் ஒருவன் சாகப்போகிறான் என்று அந்த ஊருக்கே தெரியும். காதலுக்கும் வேடிக்கைக்கும் இல்லாமல் கொலைக்கு முன்னறிவிப்பாகப் பாட்டு வருவதை நான் வேறு எந்தப் படத்திலும் இப்படிப் பார்த்ததில்லை. கீழே அடக்கமாக ஒலிக்கும் பின்னணி இசை, அடிக்கு அடி அழுத்தம் ஏற்றி, துப்பாக்கி வெடிக்கும் நொடியில் அறுந்துபோவது மிக நல்ல ஒலிச் சேர்க்கை.

சுட்ட பிறகு என்ன ஆகிறது என்பது அதைவிடச் சுவையானது. சாண்டி அவனைக் கொல்வதில்லை. இனி ஆயுசுக்கும் துப்பாக்கி உருவ முடியாதபடி இரண்டு மணிக்கட்டிலும் சுடுகிறார். பாட்டு மரணத்தைச் சொல்கிறது, தோட்டா மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது.

6 பிப்ரவரி, மாலை
பாடியவர் ஸ்மித் பாலூ என்று பழைய புத்தகங்களில் இருக்கிறதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கிறது. பாலூ தம் சொந்த இசைக்குழுவோடு பெயர் பெற்ற பாடகர், பின்னர் தாமே பாடும் கௌபாயாக நடித்தவர். ஆகவே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. நான் இருவருடைய ஒலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். பாலூவுடையது நடன மேடைக் குரல், மிருதுவானது, சொல்லின் கடைசியை மெழுகிவிடுவார். படத்தில் இருப்பதோ அவ்வளவு பழக்கப்படாத குரல். கீழே இறங்கும்போது சற்றே தடுமாறி, பிறகு தன் கனத்தாலேயே நிற்கிறது. மேடையேறிச் சம்பாதித்தவர் அந்தத் தடுமாற்றத்தோடு ஒரு டேக்கை ஒப்புக்கொள்ள மாட்டார். நான் பில் பிராட்பரி பக்கம்தான்.

பாலூவைப் பற்றி ஒரு கிளைச் செய்தி: 1938இல் அவர் நடித்த ஒரு கௌபாய் படத்தில் அவரோடு நடித்தவர் பேஸ்பால் வீரர் லூ கெரிக். குடிக்கடைச் சண்டையில் கெரிக் பில்லியர்ட்ஸ் பந்துகளை எடுத்து எறிகிறார். குறி தவறவே இல்லை.

9 பிப்ரவரி, பிற்பகல் 3.30
4ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். பின்னணி இசை என்று புகழ்ந்தேன் அல்லவா, அது அந்தப் படத்தின் இசையே அல்ல.

நடந்தது இதுதான். பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் ‘அசல் பழைய பிரதி’ என்று அச்சிட்ட பெட்டியை வாங்கினேன். உள்ளே இருந்தது 1980களில் வண்ணம் பூசி, மின்னணு விசைப்பலகை இசையைச் சேர்த்துத் தொலைக்காட்சிக்காகவும் வீடியோவுக்காகவும் வெளியிட்ட பிரதி. படத்தின் காப்புரிமை காலாவதியானதால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சேர்த்து விற்கலாம் என்ற நிலை. ஒலியோடு ஒன்பது வருடம் உட்கார்ந்தவன், 1933இல் இருந்திருக்கவே முடியாத ஒரு கருவியின் ஓசையைக் கேட்டு ‘நல்ல ஒலிச் சேர்க்கை’ என்று எழுதியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நேற்று இரவு கறுப்பு வெள்ளைப் பிரதியைத் தேடிப் பார்த்தேன். லோன் ஸ்டார் என்ற பெயரில் பால் மால்வெர்ன் தயாரித்து மோனோகிராம் வெளியிட்ட இந்த வரிசைப் படங்களில் பின்னணி இசை என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. தலைப்பு ஓடும்போது கொஞ்சம், முடிவில் கொஞ்சம், நடுவில் மௌனம். இசைக்குழுவுக்குக் கொடுக்கப் பணம் இல்லை, அதனால் இசை இல்லை. ஆனால் அந்த மௌனத்தில் தெருக்காட்சியைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது, நான் இதுவரை பார்த்தது வேறு ஒரு காட்சி. துணைக்கு வேறு இசை ஏதும் இல்லாமல் ஒரே ஒரு மனிதக் குரல் தெருவில் நடந்து வருகிறது. ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வதும் வெயிலும் தூசியும் அந்தக் குரலுக்கு வெளியே இருக்கின்றன. பணம் இல்லாததால் கிடைத்த நன்மை என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் எடுத்தவர்கள் அதை நன்மை என்று நினைத்திருப்பார்களா என்பது வேறு விஷயம். வாரக் கடைசிக்குள் படத்தை முடிக்க வேண்டுமே என்றுதான் நினைத்திருப்பார்கள்.

9 பிப்ரவரி, இரவு
‘கழுத்து அசையவில்லை’ என்று எழுதினேனே, அதை வண்ணப் பிரதியில்தான் பார்த்தேனா, பூசிய வண்ணம் கழுத்தை மறைத்திருக்குமா என்று ஒருவர் குறும்பாகக் கேட்கிறார். நியாயமான கேள்வி. கறுப்பு வெள்ளையிலும் அசையவில்லை.

14 பிப்ரவரி, காலை
தண்ணீரைப் பற்றி எழுத வேண்டும் என்று பத்து நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கௌபாய் படம் என்றால் மாடு, தங்கம், ரயில் பாதை என்றுதான் சண்டை வரும். இங்கே தண்ணீர். லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி வாழ்ந்து படமெடுத்த ஒருவருக்கு இந்தக் கதை தோன்றியது தற்செயலாக இருக்க முடியாது. 1913இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் சுமார் 233 மைல் நீளக் கால்வாய் கட்டி ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரைத் தனக்குத் திருப்பிக்கொண்டது. பள்ளத்தாக்கின் விவசாயிகள் 1924இல் கால்வாயை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1927இலும் வெடிகள் வெடித்தன. படத்திலோ வெடிவைப்பவன் வில்லன், வெடியால் தண்ணீர் பெறுகிறவர்கள் விவசாயிகள். ஊரில் நடந்ததைப் புரட்டிப்போட்டு, கூடவே வாஷிங்டனிலிருந்து ஒரு நல்ல அதிகாரியையும் அனுப்பிவைத்திருக்கிறார்கள். ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற அதே வருடத்தின் அக்டோபரில் படம் வெளிவந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சிற்றூர்க் கொட்டகைகளில் இருந்தவர்கள் அந்த அதிகாரியை எப்படி வரவேற்றிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்த துணுக்கு ஒன்று உண்டு. 1924 நவம்பரில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு மக்கள் குடும்பத்தோடு போய்க் கால்வாயின் அலபாமா மதகுகளைக் கைப்பற்றி, நீரை ஆற்றிலேயே திருப்பிவிட்டு, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது பக்கத்தில் படப்பிடிப்பில் இருந்த கௌபாய் நடிகர் டாம் மிக்ஸ், அவர்களுக்கு வாசித்துக்காட்டத் தம் இசைக்குழுவை அனுப்பிவைத்தார். கௌபாயும் பாட்டும் தண்ணீர்ச் சண்டையும் ஒரே இடத்தில் கூடிய நிகழ்ச்சி. மிக்ஸ் அப்போது நடித்துக்கொண்டிருந்தவையெல்லாம் ஊமைப் படங்கள்.

15 பிப்ரவரி
இன்னொரு திருத்தம். வேய்ன் ‘நிறுத்திவிட்டார்’ என்பதை நானும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டு எழுதினேன். உடனே நிறுத்தவில்லை. ‘பாடும் சாண்டி’ என்ற பாத்திரம் இந்த ஒரு படத்தோடு சரி. அந்தப் பெயரில் ஒரு தொடரே வந்தது என்று பலர் எழுதுவது தவறு. ஆனால் 1933 முதல் 1935 வரை அவர் நடித்த 16 லோன் ஸ்டார் படங்களில், 1934இன் ‘தி மேன் ஃப்ரம் யூட்டா’விலும் குதிரைமேல் கிட்டாரோடு பாடிக்கொண்டுதான் வருகிறார், அடுத்த வருடம் ரிபப்ளிக் பட நிறுவனத்துக்குப் போன பிறகும் இரவல் குரலுக்கு வாயசைத்திருக்கிறார். ஆகவே சங்கடம் மெல்ல மெல்லச் சேர்ந்து முற்றியது என்று திருத்தி வாசிக்கவும்.

21 பிப்ரவரி, இரவு 9.00
இத்தனை நாளும் எழுதியதை மறுபடி படித்தபோது, குரல் யாருடையது என்ற துப்பறியும் வேலையிலேயே நேரத்தைக் கழித்துவிட்டேன் என்று பட்டது. முக்கியமான கேள்வி வேறு. இரவல் குரல் ஏன் அவருக்குச் சங்கடமாக இருந்தது? நமக்குப் பின்னணிப் பாட்டு மூச்சுவிடுவதுபோல் பழகிய ஒன்று. நாயகன் வாயசைக்கிறார், பாடுகிறவர் வேறு ஒருவர், இருவரையும் தனித்தனியே கொண்டாடுகிறோம், எம்.ஜி.ஆர். மேடைக்கு வந்தால் பாடச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்கச் சிற்றூர் ரசிகர் கேட்டார். ஏன்?

வானொலிதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஜீன் ஆட்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் பிறந்து, ரயில்வேயில் தந்தி அடித்துக்கொண்டிருந்தவர். 1930களின் தொடக்கத்தில் சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். வானொலியில் பாடத் தொடங்கிவிட்டார். அவர் பெயர் போட்ட கிட்டாரை சியர்ஸ் ரோபக் நிறுவனம் தன் தபால் விற்பனைப் பட்டியலில் விற்றது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான், 1934இல் கென் மேனார்ட் நாயகனாக நடித்த படத்தில் அவருக்குப் பாட்டுப் பாடும் சிறிய இடம் கிடைத்தது. அதாவது, திரையில் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு வருடக்கணக்கில் முன்பே, அடுப்பங்கரையிலும் மாட்டுக்கொட்டிலிலும் அவருடைய குரல் மக்களுக்குப் பழகியிருந்தது. படம் பார்க்க வந்தவர்கள் தெரிந்த குரலுக்கு உரிய முகத்தைப் பார்க்க வந்தார்கள். வேய்னிடம் இருந்ததோ முகம். 1930இல் ஒரு பெரிய படத்தில் நாயகனாக நடித்து, அது தோற்றுப்போனதால் மலிவுப் படங்களுக்கு வந்து சேர்ந்த முகம். லோன் ஸ்டார்காரர்கள் அந்த முகத்துக்கு ஒரு குரலை ஒட்டினார்கள். கௌபாய் பாடினால் கூட்டம் வரும் என்று அவர்கள் சரியாகவே மோப்பம் பிடித்திருந்தார்கள். கூட்டம் குரலைத் தேடித்தான் வரும் என்பதைத்தான் பிடிக்கவில்லை.

1935இல் ஆட்ரி நாயகனாக நடித்த முதல் படைப்பு, 12 பகுதிகள் கொண்ட ‘தி ஃபேன்டம் எம்பயர்’ என்ற தொடர்படம். அதில் அவர் ஜீன் ஆட்ரி என்ற சொந்தப் பெயரிலேயே வருகிறார். தினமும் பிற்பகல் 2 மணிக்குத் தம் பண்ணையிலிருந்து வானொலியில் பாடாவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகி, பண்ணையும் போய்விடும். இது போதாதென்று பூமிக்கடியில் முரேனியா என்ற ஒரு சாம்ராஜ்யம், அதற்கொரு அரசி, தொப்பி போட்ட இயந்திர மனிதர்கள். பாதாளத்தில் கதிர் ஆயுதங்களிடமிருந்து உயிர் தப்பி, மேலே ஓடிவந்து, மைக்கின் முன் நின்று பாடிவிட்டு, மறுபடி பாதாளத்துக்கு ஓடுவார். இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ஆனால் தாத்தாவிலிருந்து பேரன்வரை அந்த 2 மணியை நம்பினார்கள், ஏனென்றால் அதே குரலை வீட்டு வானொலியில் உண்மையிலேயே கேட்டிருந்தார்கள்.

22 பிப்ரவரி, காலை 6.40
இரவு முழுக்க யோசித்ததில், நேற்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற வேண்டும் என்று தோன்றுகிறது. வேய்னுக்குப் பாட்டு ஒட்டவில்லை என்று முடித்துவிட்டேன். வணிகமாகப் பார்த்தால் ஒட்டவில்லைதான். ஆனால் கதையின் உள்ளே ஒட்டியிருக்கிறது, ஆட்ரியின் பாட்டைவிட அழுத்தமாக. ஆட்ரியின் படங்களில் சண்டை நிற்கும், பாட்டு வரும், பாட்டு முடியும், சண்டை தொடரும். ஊரைச் சமாதானப்படுத்துவதற்கும் பெண்ணை இளக்குவதற்கும் பாடுவார். பாடுகிறவரைக் கண்டு யாரும் அஞ்ச மாட்டார்கள். சாண்டியின் பாட்டுத்தான் அவருடைய ஆயுதம், துப்பாக்கி அதற்குப் பின்னால்தான் வருகிறது. ஆட்ரியின் வழியில் இந்த வகை முழுவதும் போனதால், பாட்டைப் பயமுறுத்தப் பயன்படுத்தலாம் என்ற அந்த யோசனை 1933இன் ஒரு தெருவோடு நின்றுபோயிற்று.

இதற்கு இன்னொரு காரணத்தையும் சொல்லலாம். 1934 நடுவிலிருந்து ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தன. நாயகன் இரத்தம் ஓடும் என்று ரசித்துப் பாடிக்கொண்டு போவதைச் சனிக்கிழமைப் பகல் காட்சிச் சிறுவர்களுக்கு யாரும் காட்டத் துணிந்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தக் காரணத்தின்மேல் நான் அதிகம் சாயவில்லை. விற்கிற சரக்கு மென்மையான பாட்டு என்று தெரிந்த பிறகு தணிக்கை தேவையே படவில்லை.

1938இல் சம்பளத் தகராறில் ஆட்ரி வேலைக்கு வராதபோது, ரிபப்ளிக் அதே அச்சில் ராய் ராஜர்ஸை வார்த்து எடுத்தது. லெனர்ட் ஸ்லை என்ற இயற்பெயர் கொண்ட அவரும் வானொலியில் பாடிப் பழகிய குழுவிலிருந்து வந்தவர்தான். ஆளை மாற்றினார்கள், குரல் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற விதியை மாற்றவில்லை.

2 மார்ச், இரவு
ஹெர்ப் ஜெஃப்ரீஸைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. 1937 முதல் 1939 வரை, கறுப்பின நடிகர்கள் மட்டுமே நடித்த நான்கு பாடும் கௌபாய் படங்களின் நாயகன் அவர். டெட்ராய்ட்டில் பிறந்தவர், இசைக்குழுக்களில் பாடியவர், பின்னர் ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் குழுவில் பாடிப் புகழ்பெற்றவர். கறுப்பின மக்களுக்கென்று தனியே இருந்த கொட்டகைகளை நம்பி எடுத்த படங்கள். கலிஃபோர்னியாவின் விக்டர்வில் பக்கத்தில் கறுப்பினத் தம்பதியர் நடத்திய மர்ரே பண்ணையில் படமாக்கினார்கள். செலவு லோன் ஸ்டாரையே பணக்காரராகக் காட்டும் அளவுக்குக் குறைவு; வசனத்துக்கு நடுவே ஒருவர் தடுமாறினால் அப்படியே விட்டுவிடுவார்கள்.

அவரை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. ஜெஃப்ரீஸுக்குக் குரல் முழுக்கச் சொந்தம், அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த குரல்களில் ஒன்று. ஆனால் கலப்பினத்தவரான அவருடைய நிறம் படத்துக்குப் போதாது என்று முகத்தைக் கறுப்பாக்கும் பூச்சுப் பூசினார்கள். தொப்பியைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டார். வேய்னுக்கு முகம் சொந்தம், குரல் இரவல். இவருக்குக் குரல் சொந்தம், முகத்தின் நிறம் இரவல். 1939இல் வந்த ‘தி பிரான்ஸ் பக்கரூ’ இன்றும் எளிதில் கிடைக்கிறது. வேறிடத்திலிருந்து குரல் வருவதுபோல் பேசத் தெரிந்த ஒருவன், கழுதை பேசுகிறது என்று நம்பவைத்து அதை ஓர் அப்பாவியின் தலையில் கட்டிவிடும் நகைச்சுவை அதில் இருக்கிறது. டப்பிங் தொழிலிலிருந்தவன் என்ற முறையில் அந்தக் கழுதையின் உதட்டசைவைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன்.

3 மார்ச்
சாகசக் கலைஞர் யாகிமா கானட்டைச் சொல்லாமல் இந்தப் பேச்சை விடக் கூடாது என்று வந்த கண்டனம் சரியானது. வேய்னுக்காகக் குதிரையிலிருந்து விழுந்தவரும் பாய்ந்தவரும் அவர்தான். இந்த வரிசைப் படங்களில்தான் பிராட்பரியும் கானட்டும் வேய்னும் சேர்ந்து, கைமுட்டி முகத்தைத் தொடாமல் கடந்து போகும்படி கேமராவைத் தோளுக்குப் பின்னால் வைக்கும் முறையைச் செப்பனிட்டார்கள். அதற்கு முன் நடிகர்கள் ஒருவரையொருவர் தோளில் உண்மையாகவே குத்திக்கொண்டிருந்தார்கள். ஆக வேய்னுக்கு விழுந்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர். நடந்தவர் மட்டும் அவர். அந்த நடையை வைத்துத்தான் அடுத்த நாற்பது வருடம் வாழ்ந்தார்.

10 மார்ச், ஞாயிறு
கை சும்மா இருக்கவில்லை. தெருக்காட்சிப் பாட்டுக்குத் தமிழில் வரி எழுதி, உதட்டோடு பொருத்திப் பார்த்தேன். ப, ம என்று உதடு மூடும் இடங்களைத்தான் நாங்கள் முதலில் குறிப்போம். மற்றவற்றை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். மூலத்தில் இரத்தத்தைக் குறிக்கும் ‘பிளட்’ என்ற சொல் உதடு மூடித் தொடங்குகிறது. நம் ‘இரத்தம்’ உதடு மூடி முடிகிறது. ஆகவே சொல்லை முன்னால் இழுத்து, முந்தைய சொல்லின் வாலில் அதன் மகரம் விழும்படி செய்ய வேண்டியிருந்தது. ‘உதிரம்’ போட்டால் நீளம் பொருந்துகிறது, ஆனால் கௌபாய் புராணம் படிப்பதுபோல் ஆகிவிடுகிறது. ‘பிணத்தோடு குடிப்பாய்’ என்ற கடைசி வரி பொருளில் கச்சிதம்; ஆனால் அவர் வாய் மூடி இரண்டு எட்டு நடந்த பிறகும் நம் ‘பாய்’ மிச்சம் இருக்கிறது. ‘பிணத்தோடு குடி’ என்று வெட்டினேன். அதுதான் பொருந்துகிறது, கட்டளை போலவும் இருக்கிறது.

இந்த வேலையில்தான் ஒன்றைக் கவனித்தேன். குதிரைமேல் பாடும் முதல் பாட்டில் உதடும் ஒலியும் அடிக்கடி விலகுகின்றன. தெருக்காட்சியில் விலகல் மிகக் குறைவு. பல்லைக் கடித்தபடி, உதட்டைத் திறந்தும் திறக்காமலும் நடந்தால் எந்தக் குரலும் பொருந்தும். மிரட்டுவதற்காகச் செய்த நடிப்பே டப்பிங்குக்கும் வசதியாக அமைந்துவிட்டது. முதல் நாள் எழுதியபடி அரை நிமிடத்தில் கண்டுபிடித்தேன் என்பது முதல் பாட்டுக்குத்தான் பொருந்தும். தெருவில் நானும் ஏமாந்திருப்பேன்.

11 மார்ச்
முதலில் கேட்ட நண்பர், எந்தப் பிரதியைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார். கறுப்பு வெள்ளையில், 50 நிமிடத்துக்குச் சற்று மேலாக ஓடுவதைத் தேடுங்கள். தெருக்காட்சிக்கு நேராகப் போய், அவர் நடக்கத் தொடங்கும்போது கேளுங்கள். குரலோடு வேறு ஏதாவது கருவி சேர்ந்து ஒலித்தால் அதை மூடிவிட்டு வேறு பிரதி பாருங்கள்.